ஆற்றுக் கல்லில் நச்சுப் பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நச்சுப் பாசி என்றதும் ஏரி முழுக்கப் பச்சைச் சாயம் கொட்டியதுபோல ஒரு காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்து ஓடும் ஆறுகளில், கல்லோடு ஒட்டி வளரும் சயனோபாக்டீரியாப் படலம் பற்றியது இது. அமெரிக்காவில் வடக்குக் கலிஃபோர்னியாவின் ஈல் ஆறும், நியூசிலாந்தில் வெலிங்டன் அருகே ஓடும் ஹட் ஆறும் இந்த விஷயத்தில் நன்றாக ஆராயப்பட்டவை. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

இது பாசியா, பாக்டீரியாவா?

பாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டதால் குழப்பம். உண்மையான பாசிகளின் செல்லில் உட்கரு உண்டு, இவற்றுக்குக் கிடையாது. ஆனால் செடிகளைப்போலவே சூரிய ஒளியை வாங்கி, தண்ணீரைப் பிளந்து, ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. பேச்சுவழக்கில் பாசி என்று சொன்னால் தப்பில்லை. நானும் கீழே அப்படி எழுதுவேன்.

ஆற்றுப் படலங்களில் அடிக்கடி பெயர் அடிபடுவது மைக்ரோகோலியஸ் என்ற பேரினம். பழைய கட்டுரைகளில் இதே உயிரி ஃபோர்மிடியம் என்ற பெயரில் இருக்கும். வகைப்பாட்டாளர்கள் பெயரை மாற்றியதுதான் காரணம், இரண்டு வேறு உயிரிகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஈல் ஆற்றில் அனபீனா என்ற இன்னொரு பேரினமும் நச்சுப் படலம் கட்டுகிறது.

பார்த்தால் எப்படித் தெரியும்?

மைக்ரோகோலியஸ் படலம் கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ, தோல் போர்த்தியதுபோலக் கல்லின் மேல் கிடக்கும். தொட்டால் வழவழக்கும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துண்டாக உரியும். மண்வாடை கலந்த பூஞ்சை நாற்றம் ஒன்றும் இருக்கும். அனபீனா கரும்பச்சையாக, கூழ்போல, பெரும்பாலும் மற்ற இழைப்பாசிகளின் மேல் படர்ந்திருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நச்சு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் இந்தப் பக்கத்தின் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

படலத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

வெளியே தெரிவது சயனோபாக்டீரியா இழைகள். நூல்போன்ற அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அவை சுரக்கும் சர்க்கரைச் சங்கிலிகளாலான கொழகொழப்பு பசையாக நின்று எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. அந்தப் பசைக்குள் டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள், பலவகைப் பாக்டீரியாக்கள், அவற்றை மேயும் ஒருசெல் உயிரிகள், ஆறு கொண்டுவந்த நுண்மண் எல்லாம் சேர்ந்து கிடக்கும்.

ஈல் ஆற்று வலையமைப்பின் பல இடங்களிலிருந்து 22 படலங்களை எடுத்து, அவற்றில் இருந்த டி.என்.ஏ. முழுவதையும் ஒட்டுமொத்தமாகப் படித்த ஓர் ஆய்வு உண்டு. எந்த உயிரியையும் தனியாக வளர்க்காமல், கலவையாகவே படித்து, பிறகு கணினியில் ஒவ்வொரு உயிரியின் மரபணுத்தொகுதியையும் பிரித்துக் கோக்கும் முறை அது. ஒவ்வொரு படலத்திலும் ஒன்றோ இரண்டோ சயனோபாக்டீரியா இனங்கள்தான் ஆதிக்கம் செலுத்துகின்றன என்று அதில் தெரிந்தது. ஆறு முழுவதும் சேர்த்து நான்கு மைக்ரோகோலியஸ் இனங்கள். நான்குமே அதுவரை தரவுத்தளங்களில் இருந்த எதோடும் சரியாகப் பொருந்தவில்லை, புதிய இனங்களாக இருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவு பேரும் எதைச் சாப்பிட்டு வாழ்கிறார்கள்?

வெந்நீர் ஊற்றுகளிலும் உப்பளங்களிலும் வளரும் நுண்ணுயிர்ப் படலங்களைப் பற்றிப் படித்தவர்கள், இங்கேயும் அதே அடுக்கடுக்கான ஏற்பாட்டை எதிர்பார்ப்பார்கள். அங்கே மேலே ஆக்சிஜன் விடும் பச்சை அடுக்கு, கீழே கந்தகத்தை வைத்து ஒளிச்சேர்க்கை செய்யும் ஊதா அடுக்கு, அதற்கும் கீழே சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் கறுப்பு அடுக்கு என்று ஒரு மாடி வீடே இருக்கும்.

ஈல் ஆற்றுப் படலங்களில் அந்த மாடிகள் அநேகமாக இல்லை. மரபணுக்களைப் புரட்டிப் பார்த்தபோது இரண்டு தொழில்கள்தான் பெரிதாகத் தெரிந்தன. சயனோபாக்டீரியா ஒளிச்சேர்க்கை செய்து கார்பனைச் சர்க்கரையாக்குகிறது. மற்ற பாக்டீரியாக்கள் அந்தக் கார்பனை ஆக்சிஜன் கொண்டு எரித்து வாழ்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் நடக்கும் வளர்சிதை மாற்றத்துக்கான தடயம் மிகக் குறைவு.

எனக்கு இது முதலில் ஏமாற்றமாக இருந்தது, பிறகு யோசித்தால் நியாயமாகப் பட்டது. ஓடும் ஆறு ஓயாமல் புது நீரைக் கொண்டுவருகிறது. படலமோ சில மில்லிமீட்டர் தடிமன், அதுவும் சில வாரங்கள் வளர்ந்துவிட்டு அடித்துக்கொண்டு போய்விடும். பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும் உப்பளப் படலத்தைப்போல அடுக்கடுக்காகக் குடும்பம் பிரிய இதற்கு நேரம் ஏது?

எரிக்கும் வேலையைச் செய்பவற்றில் பாக்டீராய்டீட்கள் என்ற பெருங்குழுவைக் குறிப்பிட வேண்டும். நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டித் தின்பதில் இவை கெட்டிக்காரர்கள், படலத்தின் பசையே அந்தச் சங்கிலிதானே. புரோட்டியோபாக்டீரியாக்கள் பெரும்பாலும் கசிந்து வரும் சிறு மூலக்கூறுகளுக்குக் காத்திருப்பவை. இவை விடும் கரியமில வாயு பாசிக்கு மறுபடி பயன்படும். அடர்ந்த படலத்துக்குள் நண்பகலில் கரியமில வாயுவுக்குப் பஞ்சம் வரும் என்பதால் இது சின்ன உதவி இல்லை.

ராத்திரியில் என்ன நடக்கிறது?

வெளிச்சம் போனதும் ஆக்சிஜன் தயாரிப்பு நின்றுவிடும், செலவு நிற்காது. பகலில் படலத்துக்குள் ஆக்சிஜன் பொங்கி வழிந்து குமிழ்களாகவே நிற்கும். இரவில் அதே இடத்தில் அது மளமளவென்று இறங்கும். சயனோபாக்டீரியா பகலில் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனால் நொதித்தல் வழியாகச் சமாளிக்கவும் பல சயனோபாக்டீரியாக்களுக்குத் தெரியும்.

பகலுக்கும் இரவுக்கும் இடையே அமிலத்தன்மையும் ஊசலாடுகிறது. பாசி பகலில் நீரிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச, படலத்துக்குள் பி.எச். அளவு (ஏறினால் காரம், இறங்கினால் அமிலம்) 9-க்கு மேல் ஏறிவிடும். இரவில் எல்லோரும் மூச்சுவிட, மறுபடி இறங்கும். பக்கத்தில் ஓடும் ஆற்று நீரில் இவ்வளவு மாற்றம் இருக்காது. ஒரு விரல் தடிமன்கூட இல்லாத இடத்துக்குள் ஆற்றுக்குத் தெரியாமல் தனி வானிலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு இது முக்கியம்.

ஆற்று நீரில் பாஸ்பரஸ் கொஞ்சம்தான் இருக்கிறது. பிறகு எப்படி இவ்வளவு பாசி?

நியூசிலாந்துக்காரர்களை வெகுநாள் குழப்பிய கேள்வி இது. ஏரியில் பாசி பெருகினால் காரணம் தேடுவது சுலபம்: சாக்கடை, உரம், பாஸ்பரஸ். ஆனால் மைக்ரோகோலியஸ் தடிமனாக வளர்ந்த பல ஆறுகளில் கரைந்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கும் கீழேதான் இருந்தது. பாஸ்பரஸ் அதிகமான ஆறுகளைவிட இப்படிப்பட்ட ஆறுகளிலேயே அது செழிப்பாக இருந்தது என்பதுதான் இன்னும் வேடிக்கை.

விடை நீரில் இல்லை, படலத்தில் சிக்கிய மண்ணில் இருந்தது.

ஆற்றில் வரும் நுண்மண் துகள்களின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு வரும், பெரும்பாலும் இரும்போடு பிணைந்த நிலையில். துகள் சும்மா நீரில் மிதந்து போகும்வரை அந்தப் பாஸ்பேட் யாருக்கும் கிடைக்காது. ஆனால் படலத்தின் பசை அந்தத் துகளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. பகலில் பி.எச். ஏறும்போது துகளின் மேல் ஒட்டியிருந்த பாஸ்பேட் கழன்று வரும். இரவில் ஆக்சிஜன் இறங்கும்போது இரும்பின் வேதிநிலை மாறி, அது பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டும் விடுபடும். பகலுக்கு ஒரு வழி, இரவுக்கு ஒரு வழி.

படலத்தின் இடுக்குகளில் தேங்கிய நீரைத் தனியாக எடுத்து அளந்தபோது, அதில் கரைந்த பாஸ்பரஸ் வெளியே ஓடும் ஆற்று நீரில் இருந்ததைவிடச் சராசரியாக 320 மடங்கு இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நீர்கள்!

இது தவிர, கரிமச் சேர்மங்களில் மாட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டியெடுக்க அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி உண்டு. அதைச் சயனோபாக்டீரியாவும் செய்யும், கூட இருப்பவையும் செய்யும். கிடைத்த பாஸ்பேட்டைச் சங்கிலியாகக் கோத்து, பாலிபாஸ்பேட் மணிகளாகச் செல்லுக்குள் பதுக்கிவைக்கவும் முடியும்.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. ஆற்று நீரை மட்டும் குப்பியில் எடுத்துப் பரிசோதித்து, பாஸ்பரஸ் குறைவு, கவலை இல்லை என்று அறிக்கை எழுதினால் அது தவறான இடத்தில் அளந்த அளவு. கரை அரிப்பினாலும் காட்டழிப்பினாலும் மேலிருந்து இறங்கும் நுண்மண்ணையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நைட்ரஜன்?

இதில் படலங்கள் இரண்டு கட்சி. அனபீனாவின் இழையில் இடையிடையே தடித்த சுவருள்ள சிறப்புச் செல்கள் இருக்கும். அவை காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து அமோனியாவாக்கிவிடும். அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, அதனால்தான் தனி அறை. மைக்ரோகோலியசுக்கு அந்த வசதி இல்லை. நைட்ரேட்டோ அமோனியமோ நீரில் வந்தால்தான் பிழைப்பு. அதனால் நைட்ரஜன் ஓரளவு இருந்து பாஸ்பரஸ் குறைவாக உள்ள ஆறுகளில் அது பெருகுகிறது.

ஈல் ஆற்றில் ஓர் அழகான கிளைக்கதையும் உண்டு. எபிதீமியா என்ற டயாட்டத்தின் செல்லுக்குள்ளேயே நைட்ரஜன் பிடிக்கும் சயனோபாக்டீரியா ஒன்று குடியிருக்கிறது. கோடையில் பச்சை இழைப்பாசியின் மேல் இந்த டயாட்டம் அடர்ந்தால் பாசியின் நிறமே துருப்பிடித்ததுபோல மாறிவிடும். அதில் நச்சு இல்லை, பூச்சிகளுக்கும் மீன்களுக்கும் நல்ல தீனி. தெரியாதவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவதும், பக்கத்துக் கல்லில் கிடக்கும் கறுப்புப் படலத்தைக் கண்டுகொள்ளாமல் போவதும் நடக்கும்.

எந்த நச்சு? உடலில் என்ன செய்கிறது?

ஆற்றுப் படலங்களில் அதிகம் பேசப்படுவது அனடாக்சின் குடும்பம்: அனடாக்சின்-ஏ, ஹோமோஅனடாக்சின்-ஏ, இவற்றின் டைஹைட்ரோ வடிவங்கள். மைக்ரோசிஸ்டின் போன்ற கல்லீரல் நச்சுகளும் சில படலங்களில் அகப்படுகின்றன. ஆனால் நாய்கள் செத்த சம்பவங்களில் குற்றவாளி பெரும்பாலும் அனடாக்சின்தான்.

இதன் கதை ஆற்றில் தொடங்கவில்லை. 1960-களில் கனடாவில், கால்நடைகளைக் கொன்ற ஏரிப் பாசியை பால் கோரம் என்ற விஞ்ஞானியின் குழு ஆராய்ந்தது. அந்தப் பாசியின் சாற்றை ஊசியில் ஏற்றிய எலி சில நிமிடங்களில் செத்தது. ‘அதிவேக மரணக் காரணி’ என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். விஞ்ஞானக் கட்டுரையில் வரும் பெயர்களில் இவ்வளவு வெளிப்படையானதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. தசை சுருங்க வேண்டும் என்றால் நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிந்தும். அது தசையிலுள்ள ஏற்பியில் உட்காரும், தசை சுருங்கும். உடனே ஒரு நொதி வந்து அசிட்டைல்கோலினை உடைத்துவிடும், தசை தளரும். அனடாக்சின் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் அந்த நொதியால் இதை உடைக்க முடியாது. கட்டளை ஓயாமல் வந்துகொண்டே இருக்க, தசை களைத்துச் செயலிழக்கிறது. மூச்சுவிட உதவும் தசைகளுக்கும் இதே கதி வரும்போது உயிர் போகிறது. மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து, நச்சு உடலை விட்டுப் போகும்வரை தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை.

படலத்தில் இருக்கும் எல்லாமே நச்சைச் செய்கின்றனவா?

இல்லை. கண்ணால் சொல்ல முடியாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

அனடாக்சினைச் செய்ய வேண்டிய மரபணுக்கள் வரிசையாக ஒரே கொத்தாக இருக்கும். புரோலின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, படிப்படியாக நச்சைக் கட்டுகின்றன. 2009-இல் ஆசிலடோரியா என்ற சயனோபாக்டீரியாவில் இந்தக் கொத்து முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. கொத்து இருந்தால் நச்சு செய்யலாம், இல்லாவிட்டால் முடியாது.

ஈல் ஆற்றில் கிடைத்த நான்கு மைக்ரோகோலியஸ் இனங்களில் ஒன்றே ஒன்றில்தான் அந்தக் கொத்து இருந்தது. நான்கும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. 19 நாட்கள் படலத்தின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வில் இன்னும் விசித்திரம்: படலத்தில் நிறைந்திருந்த இரண்டு மைக்ரோகோலியஸ் இனங்களிலும் நச்சு மரபணு இல்லை. ஆனாலும் கிலோவுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில் அனடாக்சின் இருந்தது. அது கூட்டத்தில் அரிதாகக் கலந்திருந்த வேறு மைக்ரோகோலியஸ் இனங்களின் வேலையாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

ஆக, ஒரே கல்லில், கையகல இடைவெளியில் எடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்றில் நச்சு எக்கச்சக்கமாகவும் மற்றதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலும் இது நச்சு செய்பவர்கள் எத்தனை பேர் என்ற விகிதக் கணக்கு. ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்துவிட்டு ஆறு முழுவதுக்கும் நற்சான்று கொடுப்பது சரிவராது.

நச்சு செய்பவையும் செய்யாதவையும் எப்படி ஒரே படலத்தில் ஒத்துப்போகின்றன?

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. 42 மைக்ரோகோலியஸ் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. முதல் ஆச்சரியம், அந்த 42-க்கும் பொதுவான மரபணுக்கள் வெறும் 6 சதவீதம். ஒரே பேரினம் என்று நாம் கூப்பிடுகிறோமே தவிர, உள்ளே அவ்வளவு வேறுபாடு. நச்சுள்ளவையும் இல்லாதவையும் தனித்தனி இனங்கள் என்று கொள்ளும் அளவுக்கு விலகியிருக்கின்றன.

இரண்டாவது, நச்சு செய்பவற்றின் மரபணுத்தொகுதி மெலிந்திருக்கிறது. பல பொருட்களைத் தானே செய்துகொள்ளும் திறமையை அவை தொலைத்திருக்கின்றன. தயமின் எனும் வைட்டமின் பி1-ஐயும், சுக்ரோஸ் சர்க்கரையையும் வெளியிலிருந்து வாங்க வேண்டிய நிலை என்று மரபணுக்கள் காட்டுகின்றன. வெளியே என்றால் யார்? பக்கத்தில் இருக்கும் நச்சில்லாத மைக்ரோகோலியசோ மற்ற பாக்டீரியாக்களோதான். கொடிய விஷத்தைக் கையில் வைத்திருக்கும் உயிரி வைட்டமினுக்கு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

மூன்றாவது, நைட்ரஜன் விஷயத்தில் இருவரின் குடித்தனமும் வேறு. நச்சு செய்பவற்றிடம் நைட்ரேட்டை உள்ளே இழுக்கும் பம்புகளுக்கான மரபணுக்கள் கூடுதலாக ஒரு தொகுப்பு இருக்கிறது. நச்சில்லாதவற்றிடம் சயனோஃபைசின் என்ற சேமிப்புப் பொருளுக்கான மரபணுக்கள் கூடுதல். அதாவது ஒன்று வரும்போது வாரிக்கொள்கிறது, மற்றது கிடைத்ததைச் சேர்த்துவைத்துப் பஞ்ச காலத்தைத் தாண்டுகிறது. ஈல் ஆற்றில் நச்சு மரபணு உள்ள இனம் நைட்ரஜன் கூடுதலான இடங்களில்தான் அகப்பட்டது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இது நிரூபணம் ஆகாது, பொருத்தம் மட்டுமே. என்றாலும் ஆற்றில் நைட்ரேட் கலப்பதைக் குறைத்தால் நச்சு செய்பவற்றின் பங்கு குறையுமா என்று சோதித்துப் பார்க்க நல்ல காரணம்.

கூட வாழும் பாக்டீரியாக்களுக்கும் நச்சுக்கும் தொடர்பு உண்டா?

ஈல் ஆற்று ஆய்வில் ஒரு துப்பு கிடைத்தது. நச்சு மரபணு இருந்த படலங்களில் பர்க்ஹோல்டீரியேல்ஸ் என்ற வரிசையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் தொடர்ந்து குறைவாகவே இருந்தன. நச்சு அவற்றை விரட்டுகிறதா, அவை நச்சுக்காரரை வளரவிடாமல் தடுக்கின்றனவா, இல்லை இருவருக்கும் பிடித்த நீர் வேறு வேறா என்பது இந்த ஓர் உறவை வைத்து முடிவுசெய்யக்கூடியது அல்ல. மூன்றாவதுதான் காரணம் என்று ஒருவர் வாதாடினால் என்னால் மறுக்க முடியாது.

எதற்காக நச்சைச் செய்கிறது? நாயைக் கொல்லவா?

நிச்சயமாக இல்லை. சயனோபாக்டீரியா தோன்றி எத்தனையோ கோடி ஆண்டுகள் கழித்து வந்த பிராணி நாய். படலத்தை மேயும் பூச்சிப் புழுக்களை விரட்ட, மற்ற நுண்ணுயிர்களோடு சமிக்ஞை பேச, உபரி நைட்ரஜனையும் கார்பனையும் கழிக்க என்று பல ஊகங்கள் உண்டு. எதற்கும் தீர்ப்பு எழுதியாகவில்லை. செய்யாத இனங்களும் அதே கல்லில் நன்றாகத்தான் வாழ்கின்றன என்பது எல்லா ஊகங்களுக்கும் இடறும் கல்.

ஏன் எப்போதும் நாய்களே பலியாகின்றன?

வாசனை, வாய், இடம் மூன்றும் கூடிவருவதால். படலத்தின் நாற்றம் நமக்கு அருவருப்பு, நாய்க்கு அழைப்பிதழ். பகலில் ஒளிச்சேர்க்கை விட்ட ஆக்சிஜன் குமிழ்கள் பசைக்குள் சிக்கி, படலத்தைக் கல்லிலிருந்து தூக்கிவிடும். பிய்ந்த துண்டுகள் மிதந்து, நீரோட்டம் குறைந்த ஓரங்களில் ஒதுங்கும். நாய் நீர் குடிக்க இறங்கும் இடமும் அதுவே. நச்சு பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருப்பதால், ஆற்று நீரைக் குடிப்பதைவிட ஒரு துண்டுப் படலத்தை விழுங்குவது பன்மடங்கு ஆபத்து. நீந்திவிட்டு வந்து ரோமத்தை நக்கினாலும் போதும்.

பிரான்சில் 2003-இல் லூ ஆற்றில் நாய்கள் இறந்தன. 2005-இல் ஹட் ஆற்றங்கரையில் நடந்தது. 2020 ஜூலையில் அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் விர்ஜின் ஆற்றில் விளையாடிய நாய்க்குட்டி ஒன்று இறந்தது. எல்லாமே மக்கள் பொழுதுபோக்கப் போகும் தெளிந்த நீர். தள்ளாட்டம், எச்சில் வடிதல், நடுக்கம், வலிப்பு என்று அறிகுறிகள் சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். யோசித்துக்கொண்டு நிற்காமல், வாயையும் ரோமத்தையும் நல்ல நீரில் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மனிதர்களுக்கு? குழந்தைகளுக்கு?

பெரியவர்கள் ஆற்றுப் பாசியைப் பிய்த்துத் தின்பதில்லை. தவழும், எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைகளின் விஷயம் அப்படி இல்லை. ஓரத்தில் ஒதுங்கிய துண்டு அவர்கள் கைக்கெட்டும் உயரத்திலேயே கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் அனடாக்சின்-ஏ-வுக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவுகள்: குறுகிய காலக் குடிநீருக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், குளிக்கும் நீர்நிலைகளுக்கு 60. இவை நீரில் உள்ள நச்சுக்கானவை, விழுங்கிய துண்டுக்கு இந்தக் கணக்கு உதவாது.

கொதிக்கவைத்தால் போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. செல்கள் வெடித்து நச்சு நீரில் கலப்பதுதான் மிச்சம்.

அதிகாரிகள் எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

நியூசிலாந்து வழிகாட்டுதல் எளிமையானது. அடிப்பகுதி கண்ணாடியாக உள்ள தொட்டியை நீரில் அழுத்தி, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் அடியைப் பார்த்து, கல்லில் எத்தனை சதவீதம் படலம் மூடியிருக்கிறது என்று குறிப்பார்கள். 20 சதவீதம் வரை வழக்கமான கண்காணிப்பு. 20 முதல் 50 வரை எச்சரிக்கை. 50-ஐத் தாண்டினால், அல்லது அதற்குக் கீழே இருந்தாலும் படலம் பிய்ந்து கரையில் குவிந்தால், மக்களுக்கு அறிவிப்பு.

நச்சையே அளக்காமல் பரப்பை அளப்பது அரைகுறை வேலை என்று தோன்றும். ஆனால் நச்சு அடிக்கு அடி மாறும்போது, எல்லாப் படலத்தையும் சந்தேகப்படுவதுதான் உருப்படியான வழி. இதோடு, நச்சுக் கொத்தின் மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று, டி.என்.ஏ.-வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் எண்ணலாம். நச்சை உறிஞ்சும் பிசின் நிரப்பிய சிறு பைகளை ஆற்றில் சில நாட்கள் கட்டித் தொங்கவிட்டு, பிறகு ஆய்வகத்தில் பிழிந்து பார்ப்பதும் உண்டு. வந்துபோகும் நச்சையும் அது பிடித்துவிடும், ஒரு குப்பி நீரில் அகப்படாதது இதில் அகப்படும்.

வெள்ளம் வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமா?

ஓரளவுக்கு. ஆற்றின் வழக்கமான ஓட்டத்தைப்போல மூன்று மடங்கு வந்தால் படலம் கழுவப்படும் என்று நியூசிலாந்தில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். ஆற்றுக்கு ஆறு அது மாறும், அடியில் பெருங்கல் உள்ள ஆற்றில் படலம் பிடிவாதமாக நிற்கும். கழுவப்பட்ட பிறகும் கல்லின் பொந்துகளில் மிஞ்சும் இழைகள் போதும், ஓட்டம் அமைதியானதும் சில வாரங்களில் மறுபடி மூடிவிடும். கோடையில் நீரை மேலே தேக்கிவைத்தோ பாசனத்துக்கு இழுத்தோ ஓட்டத்தைக் குறைத்தால் இந்த இயற்கைக் கழுவல் தள்ளிப்போகிறது, வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரும் கூடவே கிடைக்கிறது.

கரையில் ஒதுங்கிக் காய்ந்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா?

நீரில் கரைந்த அனடாக்சின் வெயிலிலும் காரத்தன்மையிலும் வேகமாகச் சிதையும், அது உண்மை. ஆனால் காய்ந்த படலத்தின் உள்ளே வெயில் படாத செல்களில் நச்சு தங்கிக்கொள்ளும். காய்ந்த துண்டு வெளிறிப்போய், பழைய காகிதம்போலக் கிடக்கும். நாய் அதை நீரில் கிடக்கும் துண்டைவிடச் சுலபமாகக் கவ்வும். கரையோரம் நடக்கும்போது கல்லின் மேல் பழுப்பாகச் சுருண்ட தோல் தெரிந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.